குளிர்காலப் பயிற்சி: லான்சரோட்டேயில் எட்டு நாள், காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருபது நாள்

மியூனிக் மாந்தோப்பு
ஜனவரி 19, இரவு 10.12

வணக்கம். இந்தப் பக்கத்தை நாலைந்து வருடமாக ஓரமாக நின்று படிக்கிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் ஒரு கிராமம். வேலை மியூனிக்கில், ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே போன பிறகுதான் டிரையத்லான் பைத்தியம் பிடித்தது. பாதித் தூரப் போட்டி, அதாவது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், இதுவரை நாலு முடித்திருக்கிறேன். கோடையில் அங்கே ஒரு குறையும் இல்லை. ஏரி, மலை, சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. டிசம்பர் வந்தால் கதை மாறிவிடும். எட்டு மணிக்குத்தான் விடியும், நாலரைக்குள் விளக்குப் போட வேண்டும். ரோட்டில் ஐஸ், ஐஸ் கரைய உப்பு, அந்த உப்பு சைக்கிள் செயினைத் தின்னும். அதனால் சைக்கிளை வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) மாட்டி, துண்டை ஹேண்டில்பாரில் போட்டு, சுவரைப் பார்த்து மிதிப்பதுதான். இரண்டு மணி நேரம் மிதித்தாலும் அதே சுவர்.

இதற்குப் பயந்துதான் அங்கே இருக்கும் டிரையத்லான்காரர்கள் குளிர்காலத்தில் தெற்கே பறப்பார்கள். மயோர்க்கா, கிரான் கனாரியா, லான்சரோட்டே. எங்கள் கிளப்புக்கு லான்சரோட்டே. ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு, ஆனால் கிடப்பது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில். டிசம்பரிலும் பகலில் 20, 21 டிகிரி இருக்கும். 1992 முதல் அயர்ன்மேன் என்கிற முழுத்தூர டிரையத்லான் போட்டி நடக்கிற இடம். போன மாதம் எட்டு நாள் போனேன், இது மூன்றாவது முறை.

வெயில் கிடைத்தது, ஆனால் கூடவே காற்று. நம்ம ஊர் ஆடிக்காற்று வருடத்தில் முக்கால்வாசி நாள் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1730-இல் ஆரம்பித்து ஆறு வருடம் எரிமலை கக்கி, நல்ல விளைநிலம் பல ஊர்களோடு புதைந்துபோன தீவு அது. லா ஹேரியா என்று ஒரு பகுதி. கரிச்சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்திருக்கிறார்கள். காற்று வரும் பக்கம் மட்டும் பிறைநிலா மாதிரி கல் அடுக்கி ஒரு வரப்பு. ராத்திரி ஈரத்தைச் சாம்பல் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்குமாம். முதல் இரண்டு முறையும் அந்த ரோட்டில் தலையைக் குனிந்து வேகத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். இந்த முறை ஏனோ நின்றேன். அப்பா மாங்கன்றுக்கு வட்டப்பாத்தி கட்டுவது அப்படியே கண் முன்னால் வந்தது. அந்தக் கல் வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போனவர்கள் பஞ்சர் என்று நினைத்துத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு என்னவென்று சொல்ல?

சரி, அங்கிருந்து மியூனிக், மூன்று நாள் கழித்துப் பெங்களூரு. சைக்கிளைப் பெட்டியில் கட்டி ஊருக்கே கொண்டுவந்தது இதுதான் முதல் முறை. திண்ணையில் வைத்துக் கட்டினேன், தெருவே வேடிக்கை பார்த்தது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்த பரபரப்பில் தப்புப் பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். அம்மாதான் “அது ஏறுற பக்கம் இல்ல போலிருக்கேடா” என்றார்.

நீச்சலுக்குக் கிணறு. எங்கள் கிணறு வற்றிப்போய் ரொம்ப நாளாச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆயாவின் கிணறு நாற்பதடிச் சதுரம். நாற்பதடி என்பது 12 மீட்டர். 1.9 கிலோமீட்டருக்கு நூற்றைம்பத்தெட்டு முறை சுவரைத் தொட வேண்டும், அதற்குள் எனக்குக் கிழக்கு மேற்கு மறந்துவிடும். அதனால் பழைய சைக்கிள் டியூப் இரண்டை முடிச்சுப் போட்டு, ஒரு முனையைப் படிக்கல்லிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நீந்தினேன். மார்கழி விடியற்காலம் கிணற்றில் ஆவி பறக்கிறது, கையை விட்டால் வெதுவெதுப்பு. லான்சரோட்டே கடலில் 19 டிகிரிக்கு வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சல் உடை போட்டும் பல் தந்தியடித்தது. மூன்றாம் நாள் ஆயா மேலே வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: “ஏன் சாமி, கயித்துல கட்டுன எருமையாட்டம் ஒரே எடத்துல நீந்துற? எப்பதான் கரை சேருவ?”

சைக்கிளுக்குக் காவேரிப்பட்டணம், கே.ஆர்.பி. அணை, கிருஷ்ணகிரி, அங்கிருந்து ராயக்கோட்டை மேடு. ஒரு கணக்குச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மேடு ஏறுவதற்கென்று காசு கட்டிப் போகிற லான்சரோட்டேயின் உச்சியே 670 மீட்டர்தான். நம்ம ஓசூர் பஸ் ஸ்டாண்ட் 880 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தடங்கலும் இருந்தது. ரோட்டில் கொள்ளுச்செடி காயப் போட்டிருந்தார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. 25 மில்லிமீட்டர் அகல டயர் அதில் ஏறினால் என்ன ஆகும்? வழுக்கி விழுந்தேன். முழங்கை போனது போகட்டும், பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்து, கொள்ளுக்கொடி பின்சக்கரப் பல்லடுக்கில் (கேசட்) பூணூல் மாதிரி சுற்றிக்கொண்டது. காயப் போட்டிருந்த அம்மாதான் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக எடுத்தது. பக்கத்து ஊர் சைக்கிள் கடைக்காரர் இந்த மாதிரி வண்டியைத் தொட்டதே இல்லையாம். பின்னால் நான்கடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், வந்து ஸ்பேனரால் கவ்வி ஒரு நெம்பு. திரும்பவும் பின்னால் போவார். ஆறு நடை. 30 ரூபாய் கேட்டார். பதினொரு பல்லிலும் கியர் விழுகிறது.

கேள்விக்கு வருகிறேன். அடுத்த குளிர்காலம் லான்சரோட்டேயை விட்டுவிட்டு, வேலையையும் கொஞ்சம் இங்கிருந்தே பார்த்துக்கொண்டு, ஆறு வாரம் ஊரிலேயே பயிற்சி செய்யலாம் என்று நினைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறீர்களா? எந்த ரோடு, எந்த நேரம்?


மெதுவோட்டம்
ஜனவரி 19, இரவு 10.40

எருமை. சிரித்து முடியவில்லை. ஆயாவை இங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.


கம்பெனி பஸ்
ஜனவரி 20, காலை 6.55

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ப்ரோ. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இருபது நாள் லீவில் வந்தால் கிருஷ்ணகிரி லான்சரோட்டேதான். அம்மா சோறு, ஆயா கிணறு, காலையில் எழுப்ப அலாரம் கிடையாது. வருடம் முழுக்க இருந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், மீதியைத் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.


தேன்கனி
ஜனவரி 20, காலை 9.20

மாந்தோப்பு அண்ணா, உங்கள் பக்கம் கொள்ளுச்செடி என்றால் எங்கள் பக்கம் யானை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்டோபர், நவம்பரில் ராகி முற்றும் நேரம் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று சுற்றிவிட்டுத் திரும்பப் போக மாசி ஆகிவிடும். நீங்கள் பயிற்சி செய்ய வரும் மாதங்களும் அது வரும் மாதங்களும் ஒன்றேதான், அதுவும் தெற்கே சூடு தேடி வருகிற கிளப் மாதிரி.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் ரோட்டில் சானமாவு காடு வருகிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் ரோடு மேடு பள்ளம் வளைவு என்று சைக்கிளுக்கு அருமையான ரோடு. இரண்டிலும் காலை 7 மணிக்கு முன்னால் வேண்டாம், மாலை 5-க்கு அப்புறமும் வேண்டாம். கார்க்காரனுக்கு ஹாரன் இருக்கிறது, ரிவர்ஸ் கியர் இருக்கிறது. உங்கள் வண்டி சத்தமே இல்லாமல் வரும், அதுதான் ஆபத்து. வளைவு திரும்பினால் நேருக்கு நேர். போகும் முன்பு டீக்கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். எந்தக் கூட்டம் எங்கே படுத்திருக்கிறது என்று டீக்கடைக்குத் தெரியும்.


அரூர் டீச்சர்
ஜனவரி 20, மாலை 5.48

நான் போட்டிக்காரி இல்லை. ஓட்டம், கொஞ்சம் சைக்கிள். இரண்டு ஒலிம்பிக் தூர டூயத்லான் (ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம்) முயற்சி செய்து ஒன்று முடித்தேன். பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன்.

தீர்த்தமலை ரோட்டில் விடியற்காலை ஓட ஆரம்பித்தபோது முதல் வாரம் நாய் துரத்தியது. இரண்டாம் வாரம் பைக்கில் இரண்டு பேர் கூடவே மெதுவாக வந்தார்கள். நாய் பரவாயில்லை. வீட்டில் வந்து சொன்னேன், “அப்ப ஓட வேணாம்” என்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நாலே முக்காலுக்கு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைத்து ஸ்டார்ட் செய்து வாசலில் நின்றார். அன்றிலிருந்து நான் முன்னால் ஓட, பின்னால் ஹெட்லைட் போட்டுக்கொண்டு அம்மா. என் நிழல் எனக்கு முன்னால் பத்தடி நீளத்துக்கு ஓடும். பத்து கிலோமீட்டருக்கு அந்த வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டுவது சாதாரணமில்லை, இரண்டு முறை பிளக் அடைத்து நின்றுபோனது.

போன டிசம்பரில் சென்னையில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் எத்தனை சைக்கிள்! பெண்களே கூட்டமாக வருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பத்து நாளில் நான் ஓடிய வேகம் அரூரில் ஒரு வருடமாக வராத வேகம். பின்னால் என்ன வருகிறது என்று காது வைக்காமல் ஓடினால் காலுக்கு அவ்வளவு சக்தி மிச்சமாகிறது. ஆனால் ஆறாவது நாள் இருட்டில் ஓடும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது, முன்னால் நிழல் இல்லை.

அதனால் கம்பெனி பஸ் தம்பி சொல்வதையும் நான் தள்ள மாட்டேன், மாந்தோப்பு சொல்வதையும் தள்ள மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த முறை “எந்த ரோடு நல்ல ரோடு” என்று கேட்கும்போது “யாருக்கு” என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. கிணற்றில் தனியாக இறங்கவே கூடாது. மோட்டார் இருக்கிற கிணறு என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கரண்ட் கசிந்து கிணற்றில் செத்தவர்களை எனக்குத் தெரியும்.


மியூனிக் மாந்தோப்பு
ஜனவரி 20, இரவு 9.30

டீச்சர், “யாருக்கு” என்பதை நான் யோசிக்கவே இல்லை. உண்மைதான். மியூனிக்கில் என் கூட வரும் பெண்கள் இருட்டில் தனியாக ஓடுவதைப் பற்றி அங்கேயும் பேசுவார்கள், நான் அதைக் காதில் வாங்கியதில்லை என்று இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு என் வணக்கம்.

மோட்டார் விஷயம்: ஆயாவே ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிடும். நான் ஏறி வந்த பிறகுதான் கட்டை திரும்பப் போகும். காவலும் அதுவே.


ஸ்போக் ரிம்
ஜனவரி 20, இரவு 10.05

ஹேங்கரை நெம்பி நிமிர்த்தியது சரி. அலுமினியம், இரண்டு மூன்று முறை தாங்கும், அடுத்த முறை ஒடியும். ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு வேறு வடிவம், கிருஷ்ணகிரியில் என்ன, பெங்களூரிலேயே கிடைக்காமல் அலையவிடும். அடுத்த முறை வரும்போது இரண்டு உதிரி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஐம்பது கிராம்கூட இருக்காது. விமானத்தில் கட்டும்போது பின் கியரையே கழற்றி உள்பக்கம் கட்டிவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே போய்விடும்.

தொப்பூர் கணவாயில் சைக்கிளை இறக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கூடாது. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் லாரி வரும் இறக்கம் அது. மேடு வேண்டுமென்றால் தருமபுரியிலிருந்து வத்தல்மலை போங்கள். கொண்டை ஊசி வளைவு அடுத்தடுத்து வரும், மேலே காபித் தோட்டம், வண்டி நடமாட்டம் குறைவு. இறங்கும்போது மட்டும் கை வலிக்கும் வரை பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.


பென்னாகரத்தான்
ஜனவரி 21, காலை 7.15

ஒட்டாவாவிலிருந்து. இங்கே இப்போது மைனஸ் 17.

குளிர்காலப் பயிற்சி என்று தலைப்பைப் பார்த்ததும் நான் நினைத்தது வேறு. குளிருக்கு ஓடிப்போகாமல் குளிரிலேயே செய்கிற ஒரு டிரையத்லானும் இருக்கிறது தெரியுமா? பனியில் ஓட்டம், பனியில் மவுண்டன் பைக், கடைசியில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. நீச்சல் கிடையாது, தண்ணீரெல்லாம் கல். 1997 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. ஒலிம்பிக்கில் மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. கோடை டிரையத்லானுக்கு 2000-இல் சிட்னியிலேயே கிடைத்துவிட்டது.

எங்கள் ஊரில் இன்னொரு விதம். ரிடோ கால்வாய் 7.8 கிலோமீட்டருக்கு உறைந்து ஸ்கேட் செய்யும் தளமாகிவிடும். அதில் ஸ்கேட், பிறகு ஸ்கீ, பிறகு ஓட்டம். ஒரு வருடம் ஆசைப்பட்டு இறங்கினேன். ஒகேனக்கல் பரிசல்துறையில் நீச்சல் படித்தவன் ஐஸில் நின்றால் எப்படி நிற்பான்? ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸ்கீயில் பள்ளம் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்தே இறங்கினேன். மூக்கிலிருந்து வந்தது மீசையில் உறைந்து, முடிவுக் கோட்டில் சிரிக்க முடியவில்லை. 2023 குளிர்காலத்தில் ஐஸ் போதாமல் கால்வாயைத் திறக்கவே இல்லை. அத்தனை வருட வழக்கத்தில் அதுதான் முதல் தடவை, ஊரே துக்கவீடு மாதிரி இருந்தது. காவிரியில் தண்ணீர் வராத வருடம் எங்கள் ஊரில் பரிசல்காரர்கள் துடுப்பைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

ஊரில் பயிற்சி பற்றி: ஒகேனக்கல்லில் நீந்தலாமா என்று கேட்காதீர்கள். பாறைக்குக் கீழே இழுக்கும் சுழல் வெளியே தெரியாது. அப்புறம் அங்கே முதலைகளுக்கென்று ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.


உப்பு வெல்லம்
ஜனவரி 21, பகல் 1.30

யாரும் சாப்பாட்டைப் பேசவில்லையே. மாந்தோப்பு, லான்சரோட்டேயில் பாக்கெட்டில் வரும் சர்க்கரை ஜெல் தின்றிருப்பீர்கள், ஊரில் என்ன செய்தீர்கள்?


மியூனிக் மாந்தோப்பு
ஜனவரி 21, பகல் 2.10

முதல் வாரம் கொண்டுவந்த ஜெல். அது தீர்ந்ததும் அம்மா செய்த கடலை உருண்டை. காலையில் கிளம்பும் முன் ராகிக்களி, பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. ராயக்கோட்டை மேட்டில் களி பேச ஆரம்பித்தது.


உப்பு வெல்லம்
ஜனவரி 21, பகல் 2.45

பேசாமல் என்ன செய்யும்! ராகி நல்லதுதான், ஆனால் நார் அதிகம், செரிக்க நேரம் எடுக்கும். களியை ரைடு முடிந்து வந்து மதியம் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. கடலை உருண்டையிலும் கொழுப்பு இருக்கிறது, ஓடும்போது வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

நீண்ட பயிற்சியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, பழகினால் 90 வரை போகலாம் என்பார்கள். 90-க்குப் போக வேண்டுமென்றால் குளுக்கோஸ் மட்டும் போதாது, ஃப்ரக்டோஸும் சேர வேண்டும், ஏனென்றால் குடலில் இரண்டுக்கும் வேறு வேறு வாசல். ஜெல் கம்பெனிகள் இதைத்தான் கலந்து விற்கிறார்கள். வெல்லம் என்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அது உடைந்தால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். அரை லிட்டர் பாட்டிலில் 50 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, இரண்டு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை. கூட ஒரு வாழைப்பழம். வடிகட்டாமல் ஊற்றினால் மண் பாட்டில் வாயில் அடைக்கும், அது என் சொந்த அனுபவம். ஜெர்மனியிலிருந்து நேரே வருகிறவருக்கு இன்னொன்று: வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினாலு நாள் ஆகும். முதல் வாரம் நாடித்துடிப்பு தாறுமாறாகக் காட்டினால் பயப்படாமல் வேகத்தைக் குறையுங்கள்.


கம்பெனி பஸ்
ஜனவரி 21, இரவு 8.20

தூங்கி எழுந்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

வாடகை வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். கம்பெனி பஸ் 50 கிலோமீட்டர் போக, 50 வர. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் என்றால் நாலரைக்குப் பஸ், நைட் ஷிப்ட் முடிந்தால் காலை ஏழரைக்கு வீடு. அதற்குள் எனக்கும் கோவா பாதித்தூர அயர்ன்மேன் ஆசை. 2019-இல் அது முதல் முறை நடந்தபோது யூனிட்டில் ஒருவர் போய் முடித்துவிட்டு வந்து மெடலை மெஷின் மேல் மாட்டி வைத்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை.

எனக்கு நீச்சல் எங்கே தெரியுமா? பெங்களூரில் மச்சான் அப்பார்ட்மெண்ட் குளம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, 90 கிலோமீட்டர் பஸ். செக்யூரிட்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாட் நம்பர் கேட்பார். குளத்தில் பாதி பிள்ளைகள், பந்து. என் மனைவிக்கு அவள் அண்ணன் வீடு என்பதால் சந்தோஷம், இல்லையென்றால் அதுவும் இல்லை.

போன நவம்பரில் ஏழு நாள் லீவு சேர்த்து கோவா போனேன். போட்டிக்கு இல்லை, கடலில் நீந்திப் பழக. முப்பத்தைந்து வயதில் முதல் முறை கடலுக்குள் இறங்குகிறேன். முதல் நாள் அலை முகத்தில் அடித்து வாய் நிறைய உப்பு. தலையைத் தூக்கி எங்கே போகிறோம் என்று பார்ப்பதற்குள் ஐம்பது மீட்டர் இடது பக்கம் போயிருப்பேன். போட்டியில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம்தான், தாண்டினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். தண்ணீர் சூடாக இருப்பதால் மிதக்க உதவும் வெட்சூட்டும் கிடையாது. நாலாவது நாள் ஒரு மணி ஐந்தில் வந்தேன். கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், உப்புத்தண்ணி என்று யாருக்கும் தெரியாது.

மாந்தோப்பு, நீங்கள் லான்சரோட்டேயில் கல் வரப்பின் மேல் உட்கார்ந்து ஊரை நினைத்தீர்கள். நான் அந்த ஏழு நாளும் ஊரை நினைக்கவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்தால் நீச்சல், சாப்பாடு, சைக்கிள், தூக்கம். இங்கே ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் அது யாரிடமிருந்தாவது எடுத்த ஒரு மணி நேரம். மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் நேரம், மனைவி கொஞ்சம் சாயும் நேரம், இல்லையென்றால் என் தூக்கம். ஊரைவிட்டு வெளியே போனால்தான் என் நேரம் என் கையில் இருக்கிறது. உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் மேல் பொறாமை கொஞ்சம் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தது ஒரு வியாழன். விடியற்காலை நாலு மணிக்குக் கிருஷ்ணகிரி மேம்பாலத்தடியில் பஸ் இறக்கிவிட்டது. குளிர், பனி, டீக்கடை பாய்லர் மட்டும் எரிகிறது. வீட்டுக்குப் போனால் மகள் முழித்துக்கொண்டு, “கடல்ல மீன் பாத்தியாப்பா?” என்றாள். பார்க்கவில்லை. ஏழு நாள் கடலில் இருந்து ஒரு மீன் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன், என்ன நிறம் என்று கேட்டாள்.


மெதுவோட்டம்
ஜனவரி 21, இரவு 8.41

என்ன நிறம் சொன்னீர்கள்?


கம்பெனி பஸ்
ஜனவரி 21, இரவு 8.50

மஞ்சள்.


மியூனிக் மாந்தோப்பு
ஜனவரி 21, இரவு 11.25

தம்பி, இரண்டு முறை படித்தேன். நான் ஊரைப் புகழ்ந்து எழுதியதில் பாதி, எனக்காக யாரோ செய்த வேலையைப் புகழ்ந்தது என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. களி கிண்டியது அம்மா, கொடியை எடுத்தது அந்த அம்மா, ஃப்யூஸ் கட்டையை மடியில் வைத்துக் குளிரில் உட்கார்ந்தது ஆயா. என் கையில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது, அதையும் எழுத மறந்துவிட்டேன்.

ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். லான்சரோட்டேயிலும் எனக்கு ஆள் வைத்துத்தான் எல்லாம் நடந்தது, அங்கே நான் யாரையும் பார்க்கவில்லை, அவர்களும் என்னைப் பார்க்கவில்லை. போன ஞாயிறு போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு போய்க்கொண்டிருந்தது. ரோடு முழுக்க ஆடு, நடுவில் நான் ஹெல்மெட்டோடு. இருபது நிமிடம் நகர முடியவில்லை, அன்றைய பயிற்சிக் கணக்கு குப்பை. ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வண்டியைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார். சொன்னேன். அவர் ஆட்டையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மொத்தமும் குடுத்தாலும் பத்தாதா?” என்றார். இதற்கு லான்சரோட்டேயில் வழியில்லை.

ஒரு யோசனை. நீங்கள் கிருஷ்ணகிரி என்றால் எங்கள் ஊருக்குச் சைக்கிளில் முக்கால் மணி நேரம்தான். ஆயா கிணற்றில் டியூப் கட்டியபடியே இருக்கிறது. நான் 24-ஆம் தேதி கிளம்புகிறேன். அதற்குள் ஒரு நாள் வாருங்கள், ஆயாவிடம் சொல்லி வைக்கிறேன். கடல் அலை இல்லை, மஞ்சள் மீனும் இல்லை, ஆனால் ஃபிளாட் நம்பர் கேட்க மாட்டார்கள்.


தேன்கனி
ஜனவரி 22, காலை 8.05

எருது விடும் விழா சீசன் இது, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த ஊரில் எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ரோட்டை அடைத்துவிடுவார்கள். காளைக்கு வழிவிட்டு ஓடுவதும் பயிற்சிதான் என்றாலும்.


கம்பெனி பஸ்
ஜனவரி 22, காலை 8.30

யோசிக்கிறேன் அண்ணா. இந்த வாரம் நைட்.


மியூனிக் மாந்தோப்பு
பிப்ரவரி 16, இரவு 11.50

மியூனிக். வெளியே மைனஸ் 6. டிரெய்னர், சுவர். சுவரில் ஒரு மாற்றம், அப்பா கொடுத்த தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன், கிருஷ்ணகிரி நகைக்கடை காலண்டர். அன்றைய ராகு காலம் பார்த்துக்கொண்டே மிதிக்கிறேன். தோப்பில் பெங்களூரா மாமரமெல்லாம் பூத்துக் கொட்டுகிறது என்று அம்மா வீடியோ அனுப்பினார். நான் இருந்தபோது பாதிதான் பூத்திருந்தது.

நேற்று ஆயாவோடு போனில் பேசினேன். “நீ போனப்புறம் ஒரு புள்ள வருதுப்பா, அதுவும் உன்னாட்டமே கட்டிக்கிட்டு நீந்துது. ஆனா அது நல்லா நீந்துது” என்றது. கம்பெனி பஸ், நீங்களா?


கம்பெனி பஸ்
பிப்ரவரி 17, பகல் 3.10

நான்தான். நீங்கள் இருக்கும்போது வர முடியவில்லை, அந்த நைட் ஷிப்ட் வாரம் முடிந்து வந்தேன். இதுவரை ஒன்பது முறை. மகளையும் ஞாயிறன்று கூட்டிப் போகிறேன், சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டோம், மேலே வர மாட்டேன் என்கிறாள். கிணற்றில் கெண்டைக்குஞ்சு இருக்கிறது, காட்டிவிட்டேன்.

ஒரு சிக்கல்தான் இருந்தது. மும்முனைக் கரண்ட் வரும் நேரமும் நான் வர முடிகிற நேரமும் மோதியது. ஆயா அரைக்காணி ராகிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அந்த நேரம் ஃப்யூஸைப் பிடுங்க முடியாது. என் ஷிப்ட் அட்டையைக் கேட்டு வாங்கி, பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லி, கரியில் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. காலை ஷிப்ட் வாரம் எனக்கு மாலை நாலரை, நைட் வாரம் காலை ஒன்பது. மீதி நேரம் ராகிக்கு.

உங்கள் டியூப் நடுவில் விரிசல் விட்டுவிட்டது அண்ணா. புதுசு வாங்கி மாட்டிவிட்டேன்.